இயற்கைப் பள்ளம்

ஒரு மீட்டர் அகலம். அதுதான் என் நிலம்.
சிவப்புத் தடி, வெள்ளைத் தடி, இடையில் என் முழங்கால்.
இத்திமுறிப்பில் பதினேழாம் நாள்
என் ஒழுங்கை மெல்லக் கீழே இறங்கி
எட்டு மீட்டர் தள்ளி மெல்ல ஏறியது.
குழி என்று நினைத்தேன்.
இந்தக் காட்டில் குழிக்கா பஞ்சம்.

பக்கத்து ஒழுங்கையில் சுகிர்தமலருக்கும் அதே இறக்கம்.
அவளுக்கு அப்பால் றெஜீனாவுக்கும்.
தேநீர் நேரம் தலைக்கவசங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மணலில் கீறிப் பார்த்தோம்:
மூன்று இறக்கமும் ஒரே நேரில் ஓடி
வீரை மரத்தடியில் செங்குத்தாகத் திரும்பியது.
வெள்ளம் அப்படித் திரும்பாது.
யானை திரும்பாது.
மனிசன்தான் மூலை வைப்பான்.

ஆமிக்காரரின் அணை என்றாள் ஒருத்தி.
பெடியளின் அணை என்றாள் மற்றவள்.
இரண்டின் அளவும் எனக்குத் தெரியும்:
ஆளுயரம், அவசரம்,
வெட்டிய மண் ஒரு பக்கம் மட்டும்,
அடியில் ரவைக்கோது, உரப்பை, சாரத்தின் கிழிசல்.
இதை வெட்டியவனுக்கு அவசரமே இருந்திருக்கவில்லை.
கரையில் நின்ற பாலைக்கு இருநூறு வயதாவது வரும்;
அது முளைக்கும்போதே பள்ளம் பழசு.
அடியில் கருங்களி,
நெடுநாள் நீர் நின்ற மண்ணின் மணம்.

கருவி கூவியது.
வயிற்றில் கிடந்து அரை மணித்தியாலம்
விரலளவு விரலளவாய்ச் சுரண்டினேன்.
குண்டுதான்.
வலையில் கட்டும் ஈயக் குண்டு.

ஆக, மீன் வளர்த்திருக்கிறான்.
பெயர் மிஞ்சாத வன்னிமை ஒருவன்
வீட்டின் நாலு பக்கமும் நீர் கட்டி
நடுவே மண்சுவர் வைத்து இருந்திருக்கிறான்.
படை வந்தால் இந்த நீர் மறிக்காது, இடுப்பளவுதான்.
பன்றியை மறிக்கும்.
திறை கொண்டுவந்தவனைப் பாலத்தின் முன்னால்
செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம்
நிற்க வைக்கும்.
அந்தக் கொஞ்ச நேரத்துக்காக
எத்தனை பேர் எத்தனை மாரி மண் சுமந்தார்களோ.
விரால் அதில் உபரி.

பள்ளிக்கூடத்தில் படித்த பழைய பாட்டில்
கிடங்கு என்றால் அகழி. முதலை கிடக்கும், குவளை பூக்கும்.
எங்கள் வாயில் கிடங்கு என்றால் ஆள் ஒளிக்கும் பள்ளம்,
அல்லது ஆளைப் போட்டு மூடும் பள்ளம்.
சொல் அதேதான். நீர் வடிந்துவிட்டது.

பின்னேரம் சந்திரதாசன் ட்ரோன் ஏற்றினார்.
திரையில் நாற்சதுரம்,
கிழக்கே பல் விழுந்ததுபோல் ஓர் இடைவெளி.
பாலம் அங்கேதான்.
ஒருவரும் கதைக்கவில்லை.

ஏனென்றால் நாடாவுக்கு வெளியே இராசபூபதி நிற்கிறாள்.
பொலித்தீன் பையில் பேர்மிற்,
வெள்ளிக்கு வெள்ளி அதே கேள்வி:
"முடிஞ்சுதோ பிள்ளை? வாற மாரிக்கு உழுந்து போடலாமோ?"
சதுரம் என்று எழுதினால் பலகை வரும்.
பலகைக்குப் பின்னால் முள்ளுக்கம்பி வரும்.
கம்பிக்குப் பின்னால் அவள் இன்னும் ஒரு பதினாலு வருசம்.

படிவத்தின் ஏழாம் கேள்வி: நிலத்தின் தன்மை.
சந்திரதாசன் பேனையை என்னிடம் நீட்டிவிட்டு
ஜீப்பின் சில்லைப் போய்ப் பார்த்தார், காற்று இருக்கிறதா என்று.
நான் எழுதினேன்:
இயற்கைப் பள்ளம். நீர் தேங்கும். உழும்போது கவனம்.
ஈயக் குண்டு எங்கே என்று
அவர் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவேண்டாம்.

கார்த்திகை அடைமழை விட்ட மறுநாள்
அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனேன்.
நாலு பக்கமும் நீர். நடுவே புதுத் தகரக் கொட்டில்.
கிழக்கு இடைவெளியில் ஒரு பனங்குற்றி போட்டிருந்தாள்.

ஏனோ தெரியாது,
சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.
உள்ளேயிருந்து குரல் வந்தது:
"ஆரது?"